மோசம் போன அண்ணை

வாடத் தொடங்கிய செவ்வந்திப் பூவின் மணம் மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும், அல்லது எப்போதோ போய்வந்த ஒரு செத்தவீட்டின் நினைவு வரும். எனக்கு என்னுடைய நினைவே வருகிறது. நான் இறந்துவிட்டேன் என்று ஊருலகமெல்லாம் நம்பிய ஒரு பின்னேரம், எனக்கென்று கட்டிய மலர்வளையத்தை நானே இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வெயிலில் நடந்த நடை.

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. மடுமாதாவின் ஆவணித் திருநாள் முடிந்து சனம் வீடு திரும்பிக்கொண்டிருந்த நாள். இடம், மன்னார்க் கரையில் எங்கள் ஊரான அரிப்பின் சந்தி.

அதைச் சொல்வதற்கு முதல் முத்துக்குளியான் யார் என்று சொல்ல வேண்டும்.

நான் ஒரு தையல்காரி. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் உடுப்பு, கலியாணச் சேலைக்கு பிளவுஸ். ஓரிடத்தில் நிற்காத கால்களோடு பிறந்தவள். வாய்த்ததோ கதிரையை விட்டு எழும்ப விடாத தொழில். ஊசி ஓடும், நூல் ஓடும், துணி ஓடும், நான் மட்டும் அங்கேயே இருப்பேன். நாற்பது வயது தாண்டிய பிறகு கையில் ஒரு போன் வந்தது. போனுக்குள் ஒரு விளையாட்டு வந்தது. விளையாட்டுக்குள் ஒரு நாடு இருந்தது. பனி மூடிய மலை, பேசும் காடு, நெருப்புக் கக்கும் நாகம், கடலுக்கடியில் ஒரு பட்டணம். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரே நேரத்தில் அந்த நாட்டுக்குள் இறங்கி வாளோடும் வில்லோடும் திரியலாம். நான் இறங்கினேன். மெசினுக்கு முன்னால் இருந்தபடியே ஓடினேன், ஏறினேன், பாய்ந்தேன். என் கால்களுக்கு அது போதாமல் இருந்திருக்கலாம், எனக்குப் போதும்.

அந்த நாட்டில் என் பெயர் முத்துக்குளியான். அகன்ற தோள், நரைத்த தாடி, கையில் கேடயம். ஊரில் முத்துக்குளித்த காலம் போய்விட்டது, பெயராவது இருக்கட்டும் என்று வைத்தேன். அவனுடைய வேலை முன்னுக்கு நின்று அடி வாங்குவது. பின்னால் நிற்கும் வில்லாளியும் மந்திரக்காரரும் வைத்தியரும் சாகாமல் இருக்க வேண்டுமென்றால், நாகத்தின் கோபம் முழுவதையும் ஒருவன் தன் பக்கம் இழுத்து வைத்திருக்க வேண்டும். எனக்கு அது நன்றாக வந்தது. ஏன் வராது? தமிழ் பேசுகிறவர்கள் சேர்ந்து கில்ட் என்று ஓர் அணி அமைத்தபோது என்னையே தலைவனாக்கினார்கள். மன்னார், புத்தளம், டோகா, ரொறன்ரோ, கடலுக்கு அந்தப் பக்கம் இராமநாதபுரம், தூத்துக்குடி என்று எல்லா இடத்திலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள்.

எல்லோரும் என்னை அண்ணை என்றார்கள். எருக்கலம்பிட்டிக்காரர் ஒருவர் மட்டும் நானா என்பார்; அவர்களுக்கு அண்ணை அதுதான். நான் ஆண் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெண் என்றும் சொல்லவில்லை. கூப்பிட்டார்கள், ஓம் என்றேன். குரலில் கதைக்கும் அழைப்புகளில் சேரமாட்டேன். "மெசின் சத்தம், கதைக்க ஏலாது" என்று எழுதிவிடுவேன். அது உண்மைதான். அவர்கள் படகு மெசின் என்று விளங்கிக்கொண்டார்கள். தையல் மெசினும் மெசின்தானே என்று நான் திருத்தப் போகவில்லை. ஒருமுறை எங்கள் கடற்கரையில் இடிந்து நிற்கும் பழைய மாளிகையைப் படம் பிடித்துப் போட்டதில் நான் அரிப்பு ஆள் என்று தெரிந்துவிட்டது. அதற்குமேல் அண்ணையைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. தொலைபேசி எண்கூட இல்லை.

எங்கள் கில்ட்டுக்கு ஒரு செய்திப் பக்கமும் உண்டு. நடத்துபவர் இராமநாதபுரத்துக்காரர். விளையாட்டில் என்ன புதிதாக வருகிறது, எந்த நாகத்துக்கு உயிரைக் கூட்டிவிட்டார்கள், எவருடைய கில்ட் உடைகிறது, எவர் எவரோடு கோபம் என்று ஒன்றும் விடாமல் எழுதுவார். அதன் கீழே நடக்கும் கதையும் எதிர்க்கதையும் இருக்கிறதே, எங்கள் ஊர்ச் சந்திக் கடையே தோற்றுப்போகும். அந்த நாட்களில் பக்கம் முழுவதும் ஒரே கதை: வருகிற சனிக்கிழமை நடக்கவிருந்த கோட்டைச் சண்டை. எங்கள் சேர்வரில் இருந்த பெரிய கில்ட்டுகள் எல்லாம் மோதும் சண்டை.

நான் மடுவுக்குப் புறப்பட இருந்த காலையில் ஒரு அநியாயம் நடந்தது. கில்ட் முழுவதும் சேர்ந்து மாதக்கணக்காக இரும்பும் நிலாக்கல்லும் தேடிச் செய்த வாள் ஒன்று என்னிடம் இருந்தது. கில்ட்டில் ஆயுதம் செய்து தரும் கொல்லருடைய பெயரிலேயே, ஒரேயொரு எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு, எவனோ ஒருவன் வந்தான். "அண்ணை, சண்டைக்கு முதல் வாளைத் தாங்கோ, தீட்டித் தாறன்" என்று எழுதினான். கொடுத்தேன். வாளும் போனது, அவனும் போனான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. செய்திப் பக்கத்துக்காரருக்கு நடந்ததை எழுதி, மற்றவர்களையும் எச்சரிக்கச் சொல்லிவிட்டு, போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திருநாள் சனத்துக்குள் போன் தொலைத்தவர்களின் அழுகையை அதற்கு முந்திய வருடம் பார்த்திருந்தேன். பாயையும் பானையையும் எடுத்துக்கொண்டு மடுக் காட்டுக்குப் போய்விட்டேன். மரத்தடியில் படுத்து, மாதாவைக் கும்பிட்டு, வாளை மறந்தேன்.

திரும்பி வந்து சந்தியில் பஸ்ஸால் இறங்கினபோதுதான் அவர்களைக் கண்டேன். ஒரு ஆட்டோ நிழலில் நின்றது. சாரதி நித்திரை. பக்கத்தில் மூன்று பேர். வெள்ளைச் சட்டையும் மெல்லிய தாடியுமாக ஒருவர், உயர்ந்து நெடுவலாக ஒருவர், கறுப்புக் குடை பிடித்த ஒரு பெண். தாடிக்காரரின் கையில் பெரியதொரு மலர்வளையம்.

நெடுவல் ஆள்தான் கேட்டார். "அக்கா, இங்க செத்தவீடு எந்தப் பக்கம்?"

நான் ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு சாவு. "ஆர் மோசம் போனது?" என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பேர் தெரியாதக்கா."

"பேர் தெரியாமலோ செத்தவீட்டுக்கு வந்தனீங்கள்?"

"கடலுக்குப் போறவர். நாப்பத்தஞ்சு, அம்பது வயசிருக்கும்."

என் தமையனார் கடலுக்குப் போகிறவர். வயதும் அதுதான். பாய் கையிலிருந்து நழுவிப் புழுதியில் விழுந்தது. அந்தப் பெண் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தபடி சொன்னாள். "தாடி வைச்சவர் எண்டு நினைக்கிறம்."

"நினைக்கிறியளோ?"

"படத்தில தாடி இருக்கு."

தமையனாருக்குத் தாடி இல்லை. மூச்சு திரும்பி வந்தது. தாடிக்காரர் வெட்கத்தோடு சிரித்தார். "முத்துக்குளியான் வீடு எது எண்டு அந்தக் கடையில கேட்டம், அக்கா. முத்துக்குளிக்கிறதெல்லாம் எங்கட பூட்டன் காலத்தோட முடிஞ்சுது, நீங்க கொஞ்சம் பிந்திட்டீங்க எண்டு சொல்றார்."

அப்போதுதான் மலர்வளையத்துக்குக் குறுக்கே ஒட்டியிருந்த ஊதா நாடாவைப் பார்த்தேன். தங்க எழுத்து. 'அமரர் முத்துக்குளியான் அண்ணைக்கு எங்கள் கண்ணீர் அஞ்சலி.'

சாவது என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால் சொல்வேன்: முதலில் ஒன்றும் விளங்காது. பிறகு வெயில் குறைந்த மாதிரி இருக்கும். பிறகு பசிக்கும்.

"வெயில் கொளுத்துது. வீடு கிட்டத்தான். வாங்கோ, ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு விசாரிப்பம்" என்றேன். தாடிக்காரர் என் பானையையும் பாயையும் வாங்கிக்கொண்டார். கை நிறைந்துபோனதால் மலர்வளையத்தை என்னிடம் தந்தார். அப்படித்தான் நான் அதை ஏந்திக்கொண்டு என் தெருவால் நடந்தேன். வழியில் கண்டவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று சிலுவை போட்டார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு போனேன்.

மலர்வளையத்தை வாசற் படலையோடு சாத்தி வைத்தேன். கதிரைகளை இழுத்துப் போட்டுவிட்டு அடுப்பை மூட்டினேன். அவர்கள் கதைக்கக் கதைக்க எனக்கு எல்லோரையும் அடையாளம் தெரிந்தது. தாடிக்காரர் எருக்கலம்பிட்டியில் துணி வியாபாரம். என்னை நானா என்று கூப்பிடும் வில்லாளி அவர்தான். நெடுவல் ஆள் தலைமன்னார் ரயில்வேயில் வேலை, எங்கள் மந்திரக்காரர். அந்தப் பெண் மன்னார் ஆஸ்பத்திரியில் தாதி. விளையாட்டிலும் அவள் வைத்தியர்தான். நான் அடி வாங்க வாங்க என் உயிரை நிரப்பிக்கொண்டு பின்னால் நிற்பவள். ஒருவரையொருவர் அவர்களும் அன்று காலையில்தான், மன்னார் பஸ் நிலையத்தில், முதன்முதலாகப் பார்த்திருக்கிறார்கள்.

"எப்பிடி அறிஞ்சியள்?" என்று கேட்டேன்.

மந்திரக்காரர் போனை எடுத்துச் செய்திப் பக்கத்தைக் காட்டினார். இராமநாதபுரத்துக்காரர் எழுதியிருந்தார்: 'நம்ம அண்ணன் மோசம் போயிட்டார். ரொம்ப வருத்தமா இருக்கு. இனி யாரும் இப்படி மோசம் போயிடாதீங்க.'

தேத்தண்ணிக் கேத்திலைப் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன். சிரிப்பு வயிற்றிலிருந்து ஏறி வந்து தொண்டையில் நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் மோசம் போவது என்றால் ஏமாறுவது. அந்த மனுசன் பாவம், நான் வாளைப் பறிகொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் மோசம் போவது என்றால் சாவது. செத்தார் என்று சொல்ல வாய் கூசுகிற இடத்தில் மோசம் போனார் என்போம். நடுவில் கிடப்பது ஒரு துண்டுக் கடல். தெளிந்த இரவில் தலைமன்னாரில் நின்றால் அங்கத்தைய வெளிச்சம் தெரியும் என்பார்கள். வெளிச்சம் வந்து சேர்கிறது. சொல் வரும் வழியில் வேறொன்றாகி இறங்குகிறது.

அதற்குக் கீழே நடந்திருந்த சண்டைதான் இன்னும் பெரிது. எங்கள் பக்கத்து ஆட்கள் அழுகிறார்கள், ஆத்தும இளைப்பாற்றி மன்றாட்டுச் சொல்கிறார்கள், எருக்கலம்பிட்டிக்காரர் 'இன்னாலில்லாஹி' போட்டிருக்கிறார். அந்தக் கரை ஆட்களோ, வாள் போன கதையை இராமநாதபுரத்துக்காரரிடம் கேட்டறிந்து, 'போனா போகட்டும் விடுங்க, அடுத்த மாசம் புதுசு செஞ்சுக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். 'அண்ணன் கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்' என்கிறார் ஒருவர். 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். டோகாவில் இருக்கும் ஒரு தம்பி கொதித்துப்போய், மனிசத்தன்மை இல்லாத கூட்டத்தோடு இனி ஒரே கில்ட்டில் இருக்க முடியாது என்று எழுதிவிட்டு விலகியிருக்கிறார். பாதிப்பேர் அவருக்குப் பின்னால் போகத் தயார். சனிக்கிழமைக் கோட்டைச் சண்டைக்கு எங்களிடம் கில்ட்டே இருக்காது போல் இருந்தது.

"உங்களுக்கு என்ன விளங்கப் போகுது அக்கா, எல்லாம் ஒரு விளையாட்டு" என்றார் மந்திரக்காரர், நான் வாசித்து முடித்த முகத்தைப் பார்த்து. "ஆனா அந்த மனுசன் விளையாட்டில்லை."

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தாதி கதைக்கத் தொடங்கினாள்.

"நான் வந்தது எனக்காக" என்றாள். "வீட்டில எத்தினையோ இடத்தில சம்மந்தம் பேசிச்சினம். நான் ஒண்டுக்கும் ஓம் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியில, பஸ்ஸில, போனில எண்டு நான் பார்த்த ஆம்பிளையள் அப்பிடி. பொம்பிளை எண்டு தெரிஞ்ச உடன இன்பொக்ஸுக்கு வந்து நிப்பினம். சாப்பிட்டியளோ, படம் ஒண்டு அனுப்புங்கோ எண்டு. அண்ணையோட எத்தினை காலம் விளையாடினன். ஒரு நாள்கூட தனியாக ஒரு மெசேஜ் போடேல்லை. நான் பிழைவிட்டா சபையில ஏசமாட்டார். தன்னில பிழையெண்டா, ஸொரி தங்கச்சி எண்டு எல்லாருக்கும் முன்னால எழுதுவார். அப்பத்தான் யோசிச்சனான், இப்பிடியும் ஒரு ஆம்பிளை இருக்கிறாரெண்டா இன்னொருத்தரும் இருக்கக்கூடும் தானே எண்டு. வவுனியாவில இருந்து ஒரு சம்மந்தம் வந்தது. ஓமெண்டு சொல்லிட்டன். ஐப்பசியில கலியாணம்." பேச்சை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். "அவருக்கு ஒரு நன்றி சொல்லேல்லையே எண்டுதான் வந்தனான்."

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கோப்பைகளில் தேத்தண்ணியை ஊற்றி மேசையில் வைத்தேன். வாயைத் திறந்தால் அண்ணை என்ற மனிதர் இந்த உலகத்திலேயே இருந்ததில்லை என்றாகிவிடும். அவரை நம்பி ஒரு பெண் ஓமென்று சொல்லியிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டால் அவர் கடலில் இறந்த நல்ல மனிதராக அவளோடு கடைசிவரைக்கும் இருப்பார்; கலியாணமும் நடக்கும். நான் வேறொரு பெயரில் வேறெங்காவது போய் விளையாடலாம். லேசான வழி. ஆனால் ஒரு பொய்ப் பிரேதத்தை நம்பி இந்தப் பிள்ளை கழுத்தை நீட்டுவதா? அந்தக் கேள்விக்கு எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. மறைந்து நின்று அடி வாங்கப் பழகாதவள் நான்.

அலுமாரியைத் திறந்து போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். மெசினுக்குப் பக்கத்தில் என் கதிரையில் இருந்தேன். அவர்கள் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். போன் விழித்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு, விளையாட்டுக்குள் போய், கில்ட் அரட்டையில் எழுதினேன்: 'நான் இருக்கிறன்.'

மூன்று போன்களும் ஒன்றாக ஒலித்தன.

முதலில் பார்த்தவர் மந்திரக்காரர். கதிரை பின்னால் சரிய எழும்பினார். எருக்கலம்பிட்டிக்காரர் "யா அல்லாஹ்" என்று போனை மடியில் போட்டுவிட்டு, அது சுடுமோ என்பதுபோல் விரலால் தொட்டுப் பார்த்தார். தாதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இரண்டாவது வரியை எழுதினேன்: 'தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ.'

மூவரும் வாசித்தார்கள். மேசையில் இருந்த கோப்பைகளைப் பார்த்தார்கள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள்.

"மெசின் சத்தம் எண்டு சொன்னது இந்த மெசின்" என்றேன் நான், தையல் மெசினைத் தட்டிக்காட்டி. "வாளை ஒருத்தன் ஏமாத்திப் பறிச்சிட்டான். இராமநாதபுரத்துக்காரர் அதைத்தான் எழுதினவர். அவையின்ர ஊரில மோசம் போறதெண்டால் ஏமாறுறது."

மந்திரக்காரருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எருக்கலம்பிட்டிக்காரர் சிரிக்கவில்லை. "நானா நானா எண்டு என்னவெல்லாம் கதைச்சன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "எண்ட பொண்டாட்டியோட சண்டை பிடிச்சதெல்லாம் சொன்னேனே, ராத்தா. அவட பக்கம்தான் சரியெண்டு நீங்க சொன்னப்பவே நான் யோசிச்சிருக்க வேணும்."

தாதி எழும்பி வெளியே போனாள்.

போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். பின்னால் போனேன். படலையடியில் நின்றாள். பக்கத்து வீட்டு ஆடு மலர்வளையத்தில் பாதியைத் தின்று முடித்திருந்தது. அவள் அதை விரட்டவில்லை. நானும் விரட்டவில்லை.

"அப்ப அப்பிடி ஒரு ஆம்பிளை இல்லை" என்றாள்.

"முத்துக்குளியான் இல்லை. ஓம்."

"நான் ஓமெண்டு சொல்லிட்டனே."

நல்லவர்கள் எங்கும் இருப்பார்கள் என்று சொல்லலாம். அது போஸ்டரில் எழுதுகிற வசனம். எனக்குக் கேட்கத் தோன்றியதை மட்டும் கேட்டேன். "நீங்கள் இந்த விளையாட்டு விளையாடுறது வவுனியாக்காரருக்குத் தெரியுமோ?"

"இல்லை. சொன்னால் என்ன நினைப்பாரோ எண்டு..."

"இண்டைக்கு இங்க வந்தது?"

"அதுவும் தெரியாது."

"அப்ப அவருக்கும் உங்களைத் தெரியாது, பிள்ளை. நீங்களும் அவருக்கு முன்னால வேற பேரிலதான் நிக்கிறியள்."

கோபமாக என்னைப் பார்த்தாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்தது. பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, எனக்கு முன்னாலேயே நம்பரை அழுத்தினாள். நான் விலகப் போனேன். "நில்லுங்கோ" என்றாள். நின்றேன்.

ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு விளையாட்டு விளையாடுகிறேன், கன காலமாக விளையாடுகிறேன், அதில் ஒருவர் இறந்துபோனார் என்று முன்பின் தெரியாத இரண்டு ஆண்களோடு அரிப்புக்கு வந்திருக்கிறேன், வந்து பார்த்தால் ஆள் சாகவில்லை, ஆள் ஆணும் இல்லை. சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆடு நாடாவைக் கடித்து இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இந்த ஒரு நிமிடத்தில் ஒரு கலியாணம் நின்றுபோகுமோ என்று நான் மாதாவை நினைத்துக்கொண்டேன்.

"அப்ப மலர்வளையத்தை என்ன செய்தனீங்கள்?" என்று போனுக்குள் ஒரு குரல் கேட்டது.

"ஆடு தின்னுது" என்றாள் அவள்.

அங்கே சிரிப்பு வெடித்தது. அவள் கண்ணைத் திறந்தாள். "கோவமில்லையோ?"

"எதுக்கு? பேர்கூடத் தெரியாத ஆளின்ர செத்தவீட்டுக்கு அவ்வளவு தூரம் போயிருக்கிறியள். நான் மோசம் போனால் வருவியள்தானே, அது போதும்." பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "அந்த அக்காவிட்ட ஒருக்கால் குடுங்கோ."

போனை வாங்கினேன். "அக்கா, ஒரு சந்தேகம்" என்றார் அவர். "உங்கட விளையாட்டில இவவுக்கு என்ன வேலை?"

"வைத்தியர்" என்றேன். "எங்களைச் சாகவிடாமப் பார்க்கிறவ."

"அங்கயும் அதே வேலையோ? ஒரு நாள் லீவாவது குடுங்கோவன், அக்கா."

நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதற்குமேல் அவர்கள் பேசியது அவர்களுடையது. அவள் உள்ளே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டாள்.

அதற்குள் செய்திப் பக்கம் பற்றிக்கொண்டு எரிந்தது. இராமநாதபுரத்துக்காரர் எனக்கு எழுதியிருந்தார்: 'அண்ணே, நான் ஏமாந்துட்டீங்கன்னுதானே போட்டேன். உங்க ஊர்ல ஏமாந்தா செத்துடுவாங்களா?' நான் அண்ணன் இல்லை என்பதையும் சேர்த்துப் போடும்படி பதில் எழுதினேன். பிறகு செய்தி வந்தது, அவருடைய வாழ்நாளிலேயே சிறந்த தலைப்போடு: 'அண்ணன் சாகவில்லை. அண்ணன் அக்கா. வாள் போனது போனதுதான்.'

எல்லோரும் கைதட்டினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு பெண்ணுக்குப் பின்னால் நிற்கமாட்டோம் என்று சிலர் அன்றே விலகினார்கள். போகட்டும். டோகாத் தம்பி வெட்கத்தோடு திரும்பி வந்து, அந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார். இரண்டு கரைக்காரர்களும் எந்தச் சொல்லுக்கு எங்கே என்ன அர்த்தம் என்று எழுதத் தொடங்கினார்கள்; ஒரு கிழமை முழுவதும் அது நிற்கவில்லை. எங்களுக்குக் கச்சான் என்றால் வேர்க்கடலை, ஒரு காற்றுக்கும் அதுதான் பெயர் என்று சொன்னதைத் தூத்துக்குடிக்காரர் ஒருவர் கடைசிவரை நம்பவேயில்லை.

வெயில் சாய அவர்கள் புறப்பட்டார்கள். ஆட்டோச் சாரதிக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். எருக்கலம்பிட்டிக்காரர் பெருநாளைக்கு வீட்டுக்கு வரவேண்டும், பொண்டாட்டி கட்டாயம் என்னைப் பார்க்க ஆசைப்படுவாள் என்று இரண்டு தரம் சொன்னார். ஐப்பசியில் அந்தக் கலியாணத்துக்கு மணப்பெண்ணின் பிளவுஸை நானே தைத்தேன். அது பிறகு நடந்தது.

தான் இல்லாமல் போனால் வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று தெரியாமலேதான் எல்லோரும் போய்ச் சேருகிறோம். நான் அதை உயிரோடு இருந்து, அவர்களுக்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தவள். அவர்கள் தேடி வந்தது ஒரு தாடியையோ தோளையோ அல்ல. முன்னுக்கு நின்ற ஒரு ஆளைத்தான். அந்த ஆள் நான்தான் என்று எனக்கே உறுதியாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எந்த வாசலிலும் நான் வேறொருவரின் பெயரில் நின்றதில்லை.

ஆட்டோ புறப்படும்போது தாதி தலையை வெளியே நீட்டினாள்.

"அப்ப சனிக்கிழமை ஆர் முன்னுக்கு நிக்கிறது?"

"நான்தான். வேற ஆர்?"